சாக்ஸபோன் மவுத்பீஸை எதில் பிடித்து வேலை செய்வது: கையா, வைஸா, முளையா?

ஆல்டோ சாக்ஸபோனின் மவுத்பீஸ் உள்ளங்கையில் அடங்கிவிடும். ஆனால் அதில் ஒன்றுக்கொன்று இணையான இரண்டு பக்கங்களைத் தேடினால் கிடைக்காது. பின்பக்கம் ஷேங்க் என்ற உருளை. முன்பக்கம் வாயில் வைக்கும் அலகு, சரிந்து இறங்கி மெலிகிறது. அடியில், ஊதும்போது அதிரும் நாணல் தகடான ரீட் உட்காரும் டேபிள். அதற்கு முன்னால் திறந்த விண்டோ, அதன் இருபுறமும் மெல்லிய ரெயில்கள். இந்த உருவத்தை வைஸில் வைத்தால் நழுவும், இறுக்கினால் வளையும், கையில் பிடித்தால் ஆடும். முனையில் இருக்கும் டிப் ரெயில் சுமார் ஒரு மில்லிமீட்டர் அகலம்தான். அரம் ஒருமுறை வழுக்கி அதில் பட்டால் போதும், நேற்றுவரை ஒழுங்காகப் பேசிய மவுத்பீஸ் கீச்சிடத் தொடங்கிவிடும்.

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் கல்யாண பேண்டு செட்டிலும் சர்ச் பேண்டிலும் சாக்ஸ் வாசிக்கிறவர்கள் இருக்கிறார்கள். கத்ரி கோபால்நாத் (1949–2019) போட்டுக் கொடுத்த பாதையில் அதில் கர்நாடக சங்கீதம் பழகுகிறவர்களும் உண்டு. மவுத்பீஸில் ஒரு வேலை என்றால் பெங்களூருக்கோ சென்னைக்கோ அனுப்புவதுதான் வழக்கம். முகூர்த்த மாதத்தில் அப்படி அனுப்பிவிட்டுக் காத்திருக்க முடியாது. டேபிளில் லேசான மேடு, உள்ளே பேஃபிளில் (டிப்புக்குப் பின்னால் ரீடைப் பார்த்திருக்கும் உட்பரப்பு) ஒரு முண்டு, மவுத்பீஸை மாட்டும் நெக் குழாயின் கார்க்கில் ஏறாத இறுக்கமான ஷேங்க் போன்ற சின்னக் குறைகளை வீட்டிலேயே சரிசெய்ய நினைக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். எந்த அரம், எந்தத் தாள் என்பது வேறு விஷயம். இங்கே பேச்சு பிடிமானத்தைப் பற்றி மட்டும்தான்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒன்றுதான் செய்துகொள்ள முடியும் என்றால், லேத்தில் கடைந்த ஒரு முளை செய்துகொள்ளுங்கள். ஷேங்க் துளைக்குள் நுழையும்படி, தோள் வைத்துக் கடைந்த முளை. டேபிளைத் தேய்க்கும் வேலைக்கு மட்டும் அதையும் எடுத்துவிட்டு வெறும் கையால் பிடியுங்கள். மற்ற எல்லாப் பிடிகளும் குறிப்பிட்ட ஒரு வேலைக்கோ, குறிப்பிட்ட ஒரு மவுத்பீஸுக்கோதான் உதவும்.

எது நகர்கிறது என்று பாருங்கள்

அரிவாள்மனையில் கத்தி அசையாது, காய்தான் கையோடு நகரும். கத்தியால் நறுக்கும்போது காய் கிடக்கும், கத்தி நகரும். மவுத்பீஸ் வேலையும் இப்படி இரண்டு வகை. டேபிளைச் சமன் செய்வதும் ரெயில் வளைவைத் திருத்துவதும் முதல் வகை. தடித்த கண்ணாடிமேல் வாட்டர் பேப்பரை ஒட்டி வைத்து, மவுத்பீஸை அதன்மேல் இழுக்கிறோம். பேஃபிளைச் செதுக்குவது, டிப் ரெயிலை மெல்லியதாக்குவது, விண்டோவின் உள்சுவரைச் சுரண்டுவது எல்லாம் இரண்டாம் வகை. அங்கே மவுத்பீஸ் கல்லாக நிற்க வேண்டும், அரம் நகர வேண்டும்.

முதல் வகை வேலைக்கு இறுக்கிப் பிடிக்கும் சாதனம் எதுவும் வேண்டாம். டேபிள் தாளின்மேல் படிந்திருக்கிறதா, எந்த மூலை தூக்குகிறது என்பதை விரல்தான் உணரும். ஷேங்கில் ஒரு கைப்பிடியைச் செருகிக்கொண்டு டேபிளைத் தேய்க்கலாமே என்று தோன்றும். நான் அதை ஒப்புக்கொள்வதில்லை. கைப்பிடி பின்னால் நீண்டு நிற்கிறது. அதில் கொடுக்கும் சிறு அழுத்தமும் நெம்புகோல்போல வேலை செய்து டேபிளின் பின்முனையை அழுத்தும், முன்பகுதி தூக்கிக்கொள்ளும். தேய்மானம் பின்னால் கூடி, சமன் செய்யப் போன டேபிள் சரிவாகிவிடும். விரல்களைத் தாழ்வாக, டேபிளுக்கு நேர் மேலே வைத்து, ஒரே திசையில் மெதுவாக இழுப்பதுதான் சரி. கை வழுக்கினால் மவுத்பீஸின் உடம்பில் பழைய சைக்கிள் டியூப் துண்டு ஒன்றைச் சுற்றிக்கொள்ளலாம், நல்ல பிடி கிடைக்கும்.

இரண்டாம் வகைக்கு வெறும் கை போதாது. இடது கையில் மவுத்பீஸ், வலது கையில் அரம் என்றால் இரண்டும் ஆடும். அவசரத்துக்கு ஒரு பிசிறைத் தட்டிவிடலாம், அவ்வளவுதான். அரம்கூடப் பரவாயில்லை. கூரான சுரண்டியைக் கையில் பிடித்த மவுத்பீஸுக்குள் விடுவது ஆபத்து. வழுக்கினால் அது போய் நிற்கும் இடம் உங்கள் உள்ளங்கை.

வைஸ்

பட்டறை வைஸ் எல்லோருக்கும் முதலில் நினைவுக்கு வருவது. இரும்புத் தாடையில் வரிவரியாகப் பல் இருக்கும். கெட்டி ரப்பரான எபோனைட்டிலும் பித்தளையிலும் அது தடம் பதிக்கும், தங்க முலாம் பூசிய மவுத்பீஸ் என்றால் சொல்லவே வேண்டாம். அதனால் தாடைக்கு உறை போடுவார்கள். அந்த உறைகளுக்குள் பெரிய வித்தியாசம் இருக்கிறது. ரப்பர் போட்டால் தடம் விழாது. ஆனால் ரப்பர் அமுங்கி அமுங்கி எழும். அரம் போகும்போது மவுத்பீஸும் கூடவே நெளியும், வெட்டு அலை அலையாக விழும். தடித்த தோல் அல்லது கார்க் ஷீட் மேல். மரத்தட்டையின்மேல் தோலை ஒட்டி வைத்தால் இன்னும் நல்லது.

வைஸின் உண்மையான தொல்லை தடம் விழுவது இல்லை. தடத்தைத் தேய்த்துப் பளபளக்க வைத்துவிடலாம். மவுத்பீஸின் நடுப்பகுதி, அதாவது விண்டோ இருக்கும் இடம், ஒரு பக்கம் திறந்த குழாய். அதைப் பக்கவாட்டில் அழுத்தினால் சுவர்கள் உள்ளே வருகின்றன, அவற்றோடு ரெயில்களும் நகர்கின்றன. கண்ணுக்குத் தெரியாது. ரெயில் வளைவை அளக்கும் ஃபீலர் கேஜில் மெல்லிய தகடு 0.04 மி.மீ. அளவில் இருக்கும். வளைவு சரியா தவறா என்பதை அந்த அளவில்தான் பார்க்கிறோம். செல்மர் எஸ்80 சி ஸ்டார் ஆல்டோ மவுத்பீஸின் டிப் திறப்பு, அதாவது டிப் ரெயிலுக்கும் ரீட் முனைக்கும் உள்ள இடைவெளி, 1.70 மி.மீ. அதில் ஒரு மில்லிமீட்டரின் பத்தில் ஒரு பங்கு மாறினாலே வாசிக்கிறவருக்குத் தெரிந்துவிடும். நசுங்கிய நிலையில் எல்லாவற்றையும் அழகாகச் சமன் செய்துவிட்டு வைஸைத் தளர்த்தினால் சுவர்கள் தங்கள் இடத்துக்குத் திரும்பும். நீங்கள் செய்த சமன் அப்போது சமனாக இருக்காது.

இதைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. எந்தப் பிடியாக இருந்தாலும், இறுக்குவதற்கு முன் டேபிளின்மேல் ஒரு கண்ணாடித் துண்டை வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பாருங்கள், ஃபீலர் தகடு எங்கே வரை நுழைகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். இறுக்கிய பிறகு மறுபடி பாருங்கள். துளி மாறியிருந்தாலும் அந்தப் பிடி அந்த வேலைக்கு உதவாது. பிடிகளை நான் ஒப்பிடுவதற்கு முதல் உரைகல் இதுதான். நழுவுகிறதா, தடம் விழுகிறதா என்பதெல்லாம் அதற்கு அப்புறம்.

முளை

சாக்ஸ் மவுத்பீஸில் சுவர் முழு வட்டமாகவும் தடிமனாகவும் இருக்கும் இடம் ஷேங்க். ரெயிலுக்கும் டேபிளுக்கும் தூரமாக இருப்பதும் அதுதான். அதைப் பிடித்துக்கொண்டால் நாம் வேலை செய்யும் இடம் எல்லாம் சுதந்திரமாக நிற்கும். அதனால்தான் முளைக்கு என் ஓட்டு.

எளிய முளை என்பது கூம்பாகச் சீவிய ஒரு மரக்குச்சி. மவுத்பீஸை அதில் இறுகும்வரை தள்ளி, குச்சியின் மறுமுனையை வைஸில் பிடிப்பது. பலர் இதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். இதில் ஒரு அபாயம் இருக்கிறது. கூம்பு ஆப்பு மாதிரி வேலை செய்யும். முனையிலிருந்து பின்னோக்கி அரம் தள்ளும் ஒவ்வொரு தடவையும் மவுத்பீஸ் இன்னும் கொஞ்சம் ஏறும், ஷேங்க் உள்ளிருந்து விரியும். பழைய எபோனைட் அதைத் தாங்காமல் நீளவாக்கில் விரிசல் விடும். வைஸ் வெளியிலிருந்து நசுக்குகிறது என்று பயந்து முளைக்கு வந்துவிட்டு, இங்கே உள்ளிருந்து பிளந்துவிடக் கூடாது.

அதற்குத்தான் தோள். முளையைக் கூம்பாக இல்லாமல் நேராகக் கடையச் சொல்லுங்கள். ஆல்டோ, டெனார் மவுத்பீஸ்களின் ஷேங்க் துளை பெரும்பாலும் 16 மி.மீ.க்கு அருகில் இருக்கும். உங்களுடையதைக் காலிப்பரால் அளந்து, முளையை அதைவிட ஒரு மில்லிமீட்டர் குறைவாக வைத்துக்கொள்ளுங்கள். மிச்ச இடைவெளிக்கு மெல்லிய கார்க் ஒட்டலாம், அல்லது காகிதமோ நூலோ சுற்றலாம். நாதஸ்வரக்காரர்களுக்கு நூல் சுற்றிப் பொருத்தம் பார்ப்பதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. முளையின் அடியில் தடித்த தோள் ஒன்று இருந்தால் ஷேங்கின் பின்விளிம்பு அதில் முட்டி நின்றுவிடும். அரம் எவ்வளவு தள்ளினாலும் அதற்கு மேல் ஏறாது, ஆப்பு வேலை நடக்காது.

வைஸில் பிடிக்கும் முனையைச் சதுரமாக விடச் சொல்லுங்கள். சதுரமாக இருந்தால் டேபிள் மேலே, பக்கவாட்டில், கீழே என்று கால் திருப்பம் திருப்பமாக மாற்றிப் பிடிக்கலாம். எட்டுப் பட்டையாக இருந்தால் அரைக்கால் திருப்பமும் கிடைக்கும், பேஃபிளின் மூலைகளுக்கு அது மிகவும் உதவும். இன்னொன்று, முளையின் நடுவே நீளவாக்கில் ஒரு 8 மி.மீ. துளை போட்டுவிடச் சொல்லுங்கள். சின்ன விஷயம் மாதிரி தெரியும், ஆனால் வேலையே மாறிவிடும். பின்னாலிருந்து ஒரு சின்ன டார்ச்சை வைத்தால் சேம்பர் என்ற உட்குழிவு முழுக்க வெளிச்சம் வரும், பேஃபிளில் எங்கே மேடு, எங்கே கீறல் என்று நிழல் விழுந்து காட்டும். அரத்தூளும் அடைத்துக்கொள்ளாமல் அந்த வழியே இறங்கும்.

எந்தப் பொருளில் செய்வது? நன்கு காய்ந்த தேக்கு போதும். கிருஷ்ணகிரியில் மாமரக் கட்டைக்குப் பஞ்சமில்லை, அதிலும் செய்யலாம். ஆனால் மரம் தண்ணீர் பட்டால் ஊதும். வாட்டர் பேப்பர் வேலைக்கு நடுவே ஈர முளையில் மவுத்பீஸை மாட்டியபடி விட்டுவிட்டுப் போனால், முளை ஊதி ஷேங்கை உள்ளிருந்து நெருக்கும். ஓசூர்ப் பக்கம் போக முடிகிறவர்கள் டெல்ரின் என்ற கெட்டி பிளாஸ்டிக் கம்பியில் கடைந்துகொள்வது நல்லது. அங்கே தொழிற்பேட்டையைச் சுற்றி லேத் பட்டறைகளுக்குக் குறைவில்லை, டெல்ரின் தண்ணீரையும் அவ்வளவாக இழுக்காது. முளையை எந்தப் பொருளில் செய்தாலும் வேலை முடிந்ததும் கழற்றி வையுங்கள். கழற்றும்போது இப்படியும் அப்படியும் ஆட்டாமல் திருகிக்கொண்டே இழுங்கள்.

சொப்ரானோவுக்குத் துளை சிறியது, தனி முளை வேண்டும். பாரிட்டோனுக்கும் அளந்து பார்த்துவிட்டே செய்யுங்கள். கிளாரினெட் மவுத்பீஸ் கதை வேறு. அதில் பின்பக்கம் கார்க் சுற்றிய ஆண் முனை இருப்பதால், முளைக்குப் பதிலாகத் துளை போட்ட கட்டை ஒன்றில் அதைச் செருக வேண்டும்.

பிளந்த கட்டையும் எம்-சீல் தொட்டிலும்

ஷேங்கின் உள்துளையிலேயே வேலை என்றால் முளை எங்கே போகும்? கார்க்கில் ஏறாத ஷேங்கை லேசாகப் பெரிதாக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே பிளந்த கட்டைதான் வழி. ஒரு மரக்கட்டையில் ஷேங்கின் வெளி அளவுக்குத் துளை போட்டு, துளையின் நடுவே ரம்பத்தால் இரண்டாக அறுத்து, உள்ளே மெல்லிய தோல் ஒட்டிவிட்டால் ஆயிற்று. அறுக்கும்போது போன அந்த ரம்பத்தடிமனே இறுக்குவதற்கான இடைவெளி. இரண்டு பாதியையும் சேர்த்து வைஸில் வைத்தால் அழுத்தம் சுற்றிலும் பரவி விழும். கட்டை ஷேங்கை மட்டுமே பிடிக்க வேண்டும், விண்டோ பக்கம் ஒரு விரல்கூட ஏறக்கூடாது. வெளி அளவு ஒவ்வொரு கம்பெனிக்கும் மாறும் என்பதால் ஒரு கட்டை ஒரு மாடலுக்குத்தான் பொருந்தும். ஒரே ஒரு மவுத்பீஸ் வைத்திருப்பவருக்கு அது குறையே இல்லை.

பிசைந்து வைத்தால் கல்லாக இறுகும் எபாக்சி பசையான எம்-சீலில் செய்யும் தொட்டிலை எனக்கு நிறையப் பிடிக்கும், ஆனால் எல்லோருக்கும் சொல்ல மாட்டேன். மவுத்பீஸை மெல்லிய பாலிதீனில் சுருக்கமில்லாமல் சுற்றி, ஒரு மரப்பலகைமேல் பிசைந்து வைத்த எம்-சீலில், அலகு கீழேயும் டேபிள் மேலேயும் இருக்கும்படி அழுத்தி, இறுகும்வரை விட்டுவிடுவது. இறுகிய பின் அச்சு அசலாக அந்த மவுத்பீஸின் முதுகுக்கு ஒரு படுக்கை கிடைக்கும். மேலே ஒரு தோல் வாரைப் போட்டால் போதும், எந்த நெருக்கலும் இல்லாமல் நிற்கும். கண்ணாடிச் சோதனையில் இது நன்றாகத் தேறும். ஒன்றே ஒன்று கவனம்: மவுத்பீஸின் உருண்ட உடம்பில் பாதிக்கு மேல் எம்-சீல் ஏறினால் மவுத்பீஸ் அதற்குள் பூட்டிக்கொள்ளும், அப்புறம் உடைத்துத்தான் எடுக்க வேண்டும். டிப் ரெயிலில் நீண்ட நேரம் நுணுக்கமாக வேலை செய்யப் போகிறவருக்கு இந்தச் சிரமம் தகும். மாடல் மாறினால் தொட்டிலும் மாற வேண்டும்.

அரக்கு, லேத் சக், நெக்

நகை வேலை செய்யும் ஆசாரிகள் பொருளை அரக்கில் பதித்துப் பிடிப்பதைப் பார்த்தவர்களுக்கு, இதையும் அப்படிப் பிடிக்கலாமே என்று தோன்றும். பித்தளை மவுத்பீஸுக்குச் செய்யலாம். அரக்கைப்போல அசையாமல் பிடிப்பது வேறொன்றும் இல்லை, உள்ளே ஒட்டிய மிச்சத்தை ஸ்பிரிட் கரைத்துவிடும். எபோனைட்டுக்கு வேண்டவே வேண்டாம். அது கந்தகம் சேர்த்து இறுக்கிய ரப்பர். சுடுதண்ணீர் பட்டாலே நிறம் மங்கிப் பச்சையோடிக் கந்தக வாடை அடிக்கும். அனலில் இளக்கிய அரக்கு அதன்மேல் பட்டால் உருவமே மாறிவிடக்கூடும்.

லேத்காரரிடம் மவுத்பீஸையே கொடுத்து மூன்று தாடைச் சக்கில் பிடிக்கச் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். அந்த மூன்று தாடையும் மூன்று புள்ளியில் கடிக்கும். ஷேங்கைத் துளைக்க லேத்தேதான் வேண்டும் என்றால், முதலில் ஒரு பிளந்த நைலான் புஷ் (குழாய்போன்ற வளையம்) கடைந்து, அதற்குள் ஷேங்கை வைத்துச் சக்கில் பிடிக்கச் சொல்லுங்கள். வேகம் குறைவாக இருக்கட்டும். எபோனைட் சூடானால் வாடை வரும், வந்தால் நிறுத்திவிட வேண்டும்.

சாக்ஸின் நெக்கிலேயே மாட்டி, நெக்கைத் தொடைகளுக்கு இடையில் இடுக்கிக்கொண்டு வேலை செய்வதைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். நெக் மெல்லிய பித்தளைக் குழாய். கீழ்நோக்கி அழுத்த அழுத்த அதன் வளைவு இறங்கும். ஒரு மவுத்பீஸைத் திருத்தப் போய் வாத்தியத்தையே கெடுத்துக்கொள்ள எந்த அவசியமும் இல்லை.

யாருக்கு எது

வைஸே இல்லாத வீட்டில், மேசை விளிம்பில் திருகி மாட்டும் சின்ன டேபிள் வைஸும் ஒரு முளையும் போதும். மேசை ஆடினால் அடியில் ஒரு கிரானைட் துண்டை வையுங்கள், நம் ஊரில் பாலிஷ் பட்டறைகளின் வெட்டு மிச்சம் கிடைக்கும். அதே துண்டைக் கண்ணாடிக்குப் பதிலாகத் தாள் ஒட்டித் தேய்க்கப் பயன்படுத்தலாமா என்றால், பளபளப்பை நம்பாதீர்கள். சமையலறை மேடைக்கான பாலிஷ் வேறு, டூல் ரூமில் அளவு பார்க்க வைத்திருக்கும் கிரானைட் தட்டின் சமன் வேறு. இரும்பு ஸ்கேலை நிறுத்தி வெளிச்சம் கசிகிறதா என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

பேண்டு செட்டில் நான்கைந்து பேருடைய மவுத்பீஸைப் பார்த்துக்கொள்கிறவருக்கு, ஒரே அடிக்கட்டையும் கார்க் தடிமன் மாற்றிய இரண்டு மூன்று முளைகளும் லாபம். பிளந்த கட்டையை மாடலுக்கு ஒன்றாகச் செய்துகொண்டிருக்க வேண்டியதில்லை. பளபளப்பாக்கும் சக்கரத்தில் பிடிக்கும்போதும் முளைதான் கைப்பிடி, இரண்டு கையாலும் இறுகப் பற்றிக்கொள்ளுங்கள். சக்கரம் பிடுங்கி எறிந்தால் முதலில் தரையில் மோதுவது டிப் முனை. டைல்ஸ் தரையில் விழுந்த எபோனைட் டிப் பிழைப்பது அபூர்வம், அதனால் காலடியில் ஒரு சாக்கை மடித்துப் போட்டுவிட்டு உட்காருங்கள். எபோனைட் தூள் மூச்சில் போகாமல் இருக்கத் தாளை ஈரமாகவே வைத்துத் தேயுங்கள், உலர்வாக அரம் போடும் நேரத்தில் முகக்கவசம் வேண்டும்.

பித்தளை மவுத்பீஸில் முளையின் கார்க்கைக் கொஞ்சம் தடிமனாக வைக்க வேண்டும். எபோனைட்டைவிட அது வழுக்கும், வெட்டுவதற்கு அரத்தில் கூடுதல் அழுத்தமும் வேண்டியிருக்கும். விரிசல் பயம் அங்கே இல்லை.

ஷேங்கில் ஏற்கெனவே முடி அளவு விரிசல் இருக்கும் பழைய எபோனைட் கைக்கு வந்தால் முளையைத் தொடாதீர்கள். நகத்தால் சுற்றிலும் வருடிப் பார்த்தால் விரிசல் தட்டுப்படும். முதலில் லேத்காரரிடம் அளவு கொடுத்து ஒரு மெல்லிய பித்தளை வளையம் செய்து ஷேங்கின்மேல் ஏற்ற வேண்டும். அது நின்ற பிறகு தோல் ஒட்டிய பிளந்த கட்டையில், கை அழுத்தம் அளவுக்கு மட்டும் வைஸைத் திருகி, வேலையைத் தொடங்கலாம்.